இராணுவத்தில் தடய மருத்துவராகச் சேரலாமா? தர்மபுரி, கிருஷ்ணகிரி அன்பர்களின் கருத்து வேண்டும்

பாப்பாரப்பட்டி மாணவி:

அனைவருக்கும் வணக்கம். நான் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் தடய மருத்துவ மேற்படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். படிப்பு முடிந்ததும் இராணுவ மருத்துவப் படையில் குறுகிய காலப் பணிக்கு விண்ணப்பிக்கலாமா என்று சில மாதங்களாக யோசித்து வருகிறேன். அப்பாவுக்கு இதில் விருப்பம் இல்லை. "பிணம் அறுக்கிற படிப்பு என்று சொந்தக்காரர்களிடம் சொல்லவே வாய் வரவில்லை, இதில் எல்லைக்கு வேறு போக வேண்டுமா" என்று கேட்கிறார்.

நான் இந்தத் துறையை எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது, படையில் இருந்த என் பெரியப்பா மகனின் உடல் பெட்டியில் வந்தது. திறக்க வேண்டாம் என்றார்கள். வழுக்கி விழுந்ததாக ஒருவர் சொன்னார், மாரடைப்பு என்று இன்னொருவர் சொன்னார். பெரியம்மா இன்றுவரை "என்ன ஆச்சு" என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறார். உடற்கூறாய்வு அறிக்கை என்று ஒன்று இருக்கும் என்பதே அப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

படையில் இந்த வேலை உண்மையில் எப்படி இருக்கும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன். அதைவிட முக்கியமாக, சீருடை அணிந்து மேலதிகாரிக்கு வணக்கம் வைக்கும் ஒரு மருத்துவரால், அதே படைக்குள் நடந்த மரணத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றி எழுத முடியுமா?

காவேரிப்பட்டணம் முன்னாள் படை மருத்துவர்:

அம்மா, தங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். நான் இராணுவ மருத்துவப் படையில் 20 ஆண்டுகளுக்கு மேல் நோயியல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். தடய மருத்துவத்துக்கென்றே படையில் உள்ள இடங்கள் மிகவும் குறைவு. புனேயில் 1948இல் தொடங்கப்பட்ட ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் அதற்கெனத் தனித்துறை இருக்கிறது. பெங்களூரில் 1957 முதல் இயங்கிவரும் விமானப்படையின் மருத்துவ நிறுவனத்தில் விமான விபத்து மரணங்களை ஆராய்கிறார்கள். மற்றபடி, முகாம் மருத்துவமனையில் காலையில் இரத்தப் பரிசோதனைத் தாள்களில் கையெழுத்திடுகிற நோயியல் மருத்துவரே, மாலையில் பிணவறைக்கும் போவார். பல ஊர்களில் உடல் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கே அனுப்பப்படும். ஆகவே நாள் முழுவதும் உடற்கூறாய்வு மேசையருகே நிற்கலாம் என்று நினைத்து வந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

மேசைக்கு வருபவை பெரும்பாலும் போர் மரணங்கள் அல்ல. வாகன விபத்து, நீரில் மூழ்குதல், ஓட்டப் பயிற்சியில் வெப்பத்தாக்கு, திடீர் மாரடைப்பு, தூக்கு, தன் துப்பாக்கியாலேயே நேர்ந்த காயம், மலை உயரத்தால் வரும் நுரையீரல் நீர்க்கோப்பு ஆகியவையே அதிகம்.

அமைதிக்கால முகாமில் ஒருவர் இயற்கைக்கு மாறாக இறந்தால் அது படையின் உள்வீட்டு விஷயம் ஆகிவிடாது. உள்ளூர்க் காவல் நிலையத்துக்குத் தகவல் போக வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவு. காவல்துறை பிரேத விசாரணை நடத்தி வேண்டுகைக் கடிதம் தந்த பிறகுதான் மருத்துவர் கத்தியைத் தொட வேண்டும். இதோடு கூடவே படையின் சொந்த விசாரணைக் குழுவும் அமரும். மேலும், மருத்துவமனையில் பணிபுரியும் மருத்துவர் அந்த மருத்துவமனைத் தளபதிக்குக் கீழ்ப்பட்டவரே தவிர, இறந்தவரின் படைப்பிரிவுத் தளபதிக்குக் கீழ்ப்பட்டவர் அல்லர். தாங்கள் கேட்ட சுதந்திரத்துக்கு இந்த ஏற்பாடு ஓரளவு துணை நிற்கும்.

மீதியை மருத்துவரேதான் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு குளிர்கால விடியலில் காவல் கூண்டில் நின்றிருந்த இளைஞர் ஒருவரின் உடல் என்னிடம் வந்தது. தாடைக்கு அடியில் குண்டுக்காயம். துப்பாக்கியைத் துடைக்கும்போது வெடித்தது என்று உடன் வந்த குறிப்பு சொன்னது. தோலில் குழல் முனையின் வட்டம் அச்சுப்போலப் பதிந்திருந்தது; காயத்துக்குள் கரிப்புகை படிந்திருந்தது. முனை தோலைத் தொட்டிருந்தபோது வெடித்திருக்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. தோள்பட்டை நுனியிலிருந்து கட்டைவிரல் நுனிவரை அளந்தேன். குழல் முனையிலிருந்து விசை வரையிலான நீளத்தையும் அளந்தேன். கை எட்டியது. மேலங்கியைக் கேட்டபோது அது பாலித்தீன் பையில் ஈரத்தோடு கட்டி வைக்கப்பட்டிருந்தது. உடைகளை நிழலில் உலர்த்திக் காகிதப் பையில் கொடுக்க வேண்டும் என்பதைக்கூட அங்கே யாரும் அறிந்திருக்கவில்லை.

அன்று பிற்பகல் ஓர் அதிகாரி தொலைபேசியில், "விபத்து என்று எழுதிவிடுங்கள் டாக்டர், குடும்பத்துக்கு உதவியாக இருக்கும்" என்றார். அவர் கெட்டவர் அல்லர். அந்தப் பையன்மீது அவருக்கு உண்மையிலேயே பிரியம் இருந்தது. நான் விபத்து என்றும் எழுதவில்லை, தற்கொலை என்றும் எழுதவில்லை. தொட்ட நிலையில் நேர்ந்த ஒற்றைக் குண்டுக்காயம், அதன் திசை, அளவுகள், கையில் வேறு காயமில்லை என்பது, இவற்றை மட்டும் எழுதினேன். எந்த எண்ணத்தில் விசை இழுக்கப்பட்டது என்பதை உடல் சொல்லாது. அதைக் கண்டுபிடிக்க விசாரணைக் குழுவும் காவல்துறையும் இருக்கின்றன.

ஊத்தங்கரை ஓய்வுபெற்ற சுபேதார்:

டாக்டர் ஐயா சொன்னதோடு குடும்பத்தின் பக்கத்தையும் சேர்க்க விரும்புகிறேன். நான் மூன்று முறை சவப்பெட்டிக்குத் துணையாக ஊர் வந்திருக்கிறேன். பெங்களூர் விமான நிலையத்திலிருந்து ஓசூர் வழியாக வண்டி வரும்போது, என்ன கேள்வி கேட்பார்களோ என்று வழி முழுவதும் மனது அடித்துக்கொள்ளும். ஒருமுறை அரூர் பக்கத்தில் ஒரு தாய் பெட்டியின்மேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்து, "உள்ளே இருக்கிறது என் பையன்தானா, நீ பார்த்தாயா" என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று சொன்னேன். 18 ஆண்டுகள் ஆகின்றன, அந்தப் பொய் இன்னும் என்னோடு இருக்கிறது.

டாக்டரம்மா, அந்த அறிக்கையில்தான் குடும்பத்தின் சோறு இருக்கிறது. இறந்த வீரரின் மனைவிக்குக் கிடைக்கும் குடும்ப ஓய்வூதியம் மூன்று வகைப்படும். மரணத்துக்கும் பணிக்கும் தொடர்பில்லை என்றால் சாதாரண ஓய்வூதியம். அது கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், முதல் சில ஆண்டுகளுக்கு மட்டும் கூடுதல். பணியால் ஏற்பட்டது, அல்லது பணியால் முற்றியது என்றால் சிறப்பு ஓய்வூதியம், 60 சதவீதம். போரிலோ பயங்கரவாதிகளோடு மோதியோ இறந்தால் கடைசிச் சம்பளம் அப்படியே கிடைக்கும். எந்த வகை என்று தீர்மானிப்பவர் உடற்கூறாய்வு செய்த மருத்துவர் அல்லர் என்பது உண்மைதான். ஆனால் தீர்மானிப்பவர்கள் முதலில் புரட்டுவது அவர் எழுதிய தாளைத்தான். அது அரைகுறையாக இருந்தால், அந்தப் பெண் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் சென்னையிலுள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்கும் ஆண்டுக்கணக்கில் நடக்கிறார்.

கிருஷ்ணகிரி மாவட்ட அரசு மருத்துவர்:

நான் இங்கே அரசு மருத்துவமனையில் தடய மருத்துவம் பார்க்கிறேன். டாக்டர், உங்கள் ஆர்வத்தைக் குறைப்பதற்காகச் சொல்லவில்லை, ஆனால் கை பழக வேண்டும் என்றால் நம் இரண்டு மாவட்டங்களைவிட நல்ல களம் அமையாது. தொப்பூர் கணவாயில் லாரிகள் மோதிய விபத்துகள், ஒகேனக்கல்லில் நீரில் போனவர்கள், பூச்சிமருந்து குடித்தவர்கள், தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானை மிதித்தவர்கள் என்று எல்லாமே எங்கள் மேசைக்கு வருகின்றன. படை மருத்துவமனையில் ஓர் ஆண்டில் பார்ப்பதை இங்கே சில வாரங்களிலேயே பார்த்துவிடலாம். படையில் சேர்வதாக இருந்தாலும், இங்கே இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டுச் செல்லுங்கள் என்பேன்.

இன்னொன்றையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். வெளி மாநிலத்தில் இறந்த படைவீரரின் உடல் ஊர் வந்த பிறகு, குடும்பத்தாரின் கோரிக்கையின்பேரில் மறு உடற்கூறாய்வு செய்ய எங்களிடம் வருவதுண்டு. பெட்டியைத் திறந்ததும் ஃபார்மலின் நெடி கண்ணைக் கரிக்கும். விமானத்தில் அனுப்புவதற்காக உடலைப் பதப்படுத்தியிருப்பார்கள். உறுப்புகள் ஏற்கெனவே அறுக்கப்பட்டு, வயிற்றுக்குள் ஒன்றாக வைத்துத் தைக்கப்பட்டிருக்கும். அந்த நிலையில் எலும்பு முறிவையும் குண்டு போன பாதையையும் ஓரளவு சொல்லலாம். மது அருந்தியிருந்தாரா, சயனைடு இருந்ததா என்பதை நம்பகமாகச் சொல்ல முடியாது, ஃபார்மலின் அவற்றைக் கெடுத்துவிடும். "நீங்களும் மறைக்கிறீர்களா சார்" என்று வெளியே நிற்கும் இறந்தவரின் தம்பி கேட்பார். முதல் மேசையில் இரத்தமும் உள்ளுறுப்புகளும் எடுத்து வைக்கப்படவில்லை என்றால் இரண்டாவது மேசையில் எவரும் எதுவும் செய்வதற்கில்லை. பதப்படுத்தும் முன் மாதிரி எடுத்தீர்களா என்று கேட்க எல்லா இடத்திலும் ஒரு தடய மருத்துவர் இருந்தால், இத்தனை குடும்பங்கள் சந்தேகத்தோடு வாழவேண்டியிராது. உங்களைப் போன்றவர்கள் படைக்குத் தேவை என்று நான் கருதுவதும் இதனால்தான்.

பாப்பாரப்பட்டி மாணவி:

மூவருக்கும் நன்றி. சுபேதார் ஐயா எழுதியதைப் படித்தபின் ஒரு குழப்பம் வந்திருக்கிறது. என் ஒரு வரியில் ஒரு பெண்ணின் வாழ்க்கை நிற்கிறது என்று தெரிந்த பிறகு, அந்த வரியைச் சற்று அவர் பக்கம் சாய்த்து எழுதுவது தவறா? இரக்கம் வேண்டாமா?

காவேரிப்பட்டணம் முன்னாள் படை மருத்துவர்:

இந்தக் கேள்வி என்னையும் பல இரவுகள் தூங்கவிட்டதில்லை. சாய்த்து எழுதக்கூடாது என்பதே என் பதில். முழுமையாக எழுதினால் போதும். பெரும்பாலும் அதுவே குடும்பத்துக்குத் துணையாகிவிடுகிறது.

குளிர் மரணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பனிமலையில் ஒருவர் மேலங்கியைக் கழற்றிய நிலையில் இறந்து கிடக்கிறார். பார்ப்பவர்களுக்கு யாரோ தாக்கினார்கள் என்றோ, போதையில் இருந்தார் என்றோ தோன்றும். உண்மையில், உடல் வெப்பம் அபாய அளவுக்கு இறங்கும்போது மூளை தடுமாறி, வெந்து போவதுபோல் உணர்ந்து, தானே உடையைக் களைவது இதில் நன்கு அறியப்பட்ட ஒன்று. இரைப்பையைத் திறந்து, உள்தோலில் மிளகை இறைத்தாற்போல் கருமையான சிறு புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அவற்றைக் கண்டு எழுதியவர் அந்த வீரரின்மேல் விழவிருந்த பழியைத் துடைத்துவிட்டார். இரைப்பையைத் திறக்காமலே "இதயமும் மூச்சும் நின்றதால் மரணம்" என்று எழுதியவரோ எதையும் சொல்லவில்லை. எல்லா மரணத்திலும் அவை நிற்கத்தான் செய்கின்றன. அதேபோல், மிக உயரத்தில் இறந்தவரின் நுரையீரல் கனத்து, மூச்சுக்குழாயில் நுரை நிறைந்திருந்தால், நுரையீரலின் எடையைக் கிராமில் எழுதுங்கள். இதயத் தமனிகளில் அடைப்பில்லை என்பதையும் எழுதுங்கள். மாரடைப்பு அல்ல, மலை உயரம் செய்த வேலை என்பது அந்த இரண்டு வரிகளிலிருந்து தானே வெளிப்படும்.

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில், 19,000 அடிக்கும் மேலே, மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19ஆவது பட்டாலியன் முகாம் பனிச்சரிவில் புதைந்ததை நம் மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருவர் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர். ஆறு நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்ட ஒருவரும் டெல்லி இராணுவ மருத்துவமனையில் பிப்ரவரி 11 அன்று இறந்தார். அப்படிப்பட்ட இடத்திலிருந்து வரும் உடலைப் பற்றி ஒரு தாய்க்கு என்ன சொல்ல முடியும் என்பதையும் நம் துறை சொல்லித்தர வேண்டும்.

பர்கூர் வாசகி:

நான் மருத்துவம் படித்தவள் இல்லை. என் கணவர் வடக்கே ஒரு முகாமில் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. எட்டு மாதம் கழித்துத்தான் போஸ்ட்மார்ட்டம் அறிக்கை என் கைக்கு வந்தது, அதுவும் ஆங்கிலத்தில். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியையிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவர் பாதியில் நிறுத்தி அழுதுவிட்டார்.

அதில் ஒரு வரி உண்டு: இடது முழங்காலில் பழைய தழும்பு, இரண்டு சென்டிமீட்டர். பாரூர் ஏரிக்கரையில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு அது. அதைக் கேட்ட பிறகுதான் எரித்தது அவரைத்தான் என்று நான் நம்பினேன். அதுவரை எனக்குள் ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. மரணத்துக்கும் அந்தத் தழும்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இருந்தும் அந்த டாக்டர் அதை அளந்து எழுதியிருக்கிறார். அவர் முகம் எனக்குத் தெரியாது. நீங்கள் சேர்ந்தால் தழும்பையெல்லாம் விடாமல் எழுதுங்கள் அம்மா.

காரிமங்கலம் தமிழாசிரியர்:

மருத்துவர்கள் நடுவில் பேசத் தயக்கமாக இருந்தாலும், மேலே உள்ள பதிவைப் படித்தபின் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் தகடூர்ப் பகுதியின் நடுகற்களைத் தர்மபுரி அருங்காட்சியகத்தில் பலர் பார்த்திருப்பீர்கள். எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டில், எந்த ஊரில், யாருடைய வீரன், எந்தப் பூசலில், தொறு என்னும் மாட்டு மந்தையைக் கவர்ந்தபோதா மீட்டபோதா விழுந்தான் என்று எழுதி, இறந்தான் என்ற பொருளில் "பட்டான்" என்று முடிப்பார்கள். சில கற்களில் உடலில் அம்பு தைத்திருப்பதையும் செதுக்கியிருக்கிறார்கள். விழுந்தவன் எவ்வாறு விழுந்தான் என்பது அவன் ஊராருக்குத் தெரிந்தாக வேண்டும் என்ற எண்ணம் இந்த மண்ணில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது. மாணவியின் தந்தையார் இந்தப் படிப்பைச் சொல்லக் கூச்சப்படுவதாக எழுதியிருந்தார். அவரிடம் இதைத் தெரிவியுங்கள்.

கிருஷ்ணகிரி மாவட்ட அரசு மருத்துவர்:

தழும்பைப் பற்றி அந்தச் சகோதரி எழுதியதை எங்கள் துறை மாணவர்களுக்குப் படித்துக் காட்டப்போகிறேன். அடையாளம் காண்பது எங்களுக்கு ஒரு படிவத்தின் முதல் பத்தி, அவ்வளவுதான் என்று பழகிப்போகிறது. குன்னூர் அருகே 2021 டிசம்பர் 8 அன்று ஹெலிகாப்டர் விழுந்து முப்படைத் தலைமைத் தளபதி உட்பட 13 பேர் அன்றே இறந்தபோது, பலரின் உடல்களை மரபணுச் சோதனைக்குப் பிறகே குடும்பத்தாரிடம் தர முடிந்தது. ஒருவர் உடல் இன்னொரு வீட்டுக்குப் போய்விட்டால் அந்தப் பிழையை எந்த அரசாலும் திருத்த முடியாது.

காவேரிப்பட்டணம் முன்னாள் படை மருத்துவர்:

ஆம். 1968 பிப்ரவரி 7 அன்று ரோதங் கணவாய்ப் பக்கம் காணாமல் போன விமானப்படையின் ஏ.என்.12 விமானத்தில் 102 பேர் இருந்தார்கள். 2024 செப்டம்பர் இறுதியில்கூட அங்கே பனிக்குள்ளிருந்து நான்கு உடல்கள் எடுக்கப்பட்டன. 56 ஆண்டுகள் கழித்து, சட்டைப்பையில் இருந்த காகிதங்களைக் கொண்டும் பெயர் சொல்லப்பட்டது. உடையின் ஒவ்வொரு பையையும் பார்க்க வேண்டும் என்று நாங்கள் மாணவர்களை நச்சரிப்பது இதற்காகத்தான்.

மாணவிக்கு இன்னொன்று. இறந்தவரிடம் கற்பது உயிரோடிருப்பவரையும் காப்பாற்றும். அமெரிக்கப் படையில் டெலாவேரின் டோவர் விமானத்தளத்தில் இதற்கென்றே பெரிய அமைப்பு இருக்கிறது. நெஞ்சில் காற்று அடைத்துக்கொண்ட வீரருக்கு ஊசி குத்திக் காற்றை வெளியேற்றும் முதலுதவி உண்டல்லவா? அங்கே இறந்த வீரர்களின் நெஞ்சுச் சுவரை ஊடுகதிர் அடுக்குப் படங்களில் (சி.டி. ஸ்கேன்) அளந்தபோது, 100 பேரின் சராசரித் தடிமன் 5.36 சென்டிமீட்டர் என்று தெரியவந்தது. வழக்கமாகக் கொடுக்கப்பட்டு வந்த ஊசியின் நீளமோ 5 சென்டிமீட்டர். பலருக்கு அந்த ஊசி உள்ளே எட்டாது என்பதை இறந்தவர்கள்தாம் காட்டிக்கொடுத்தார்கள். 2007இல் வெளியான அந்த ஆய்வு 8 சென்டிமீட்டர் ஊசி வேண்டும் என்றது. படை முதலுதவிப் பைகளில் நீண்ட ஊசி வந்தது. நம் படையிலும் இப்படித் தொகுத்து அளக்க ஆள் வேண்டும். எனக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை, அந்தக் குறை இன்னும் மனதில் இருக்கிறது.

பாப்பாரப்பட்டி மாணவி:

நேற்று மாலை பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணனின் கறுப்புத் தகரப் பெட்டியைத் திறந்து தாள்களைத் தேடினோம். ஓய்வூதிய ஆணைக்கு அடியில் உடற்கூறாய்வு அறிக்கையின் நகல் இருந்தது. இத்தனை ஆண்டுகளாக அங்கேதான் இருந்திருக்கிறது. முதல் பக்கம் மட்டுமே உள்ளது. உயரம், எடை, உடைகள், வெளிக்காயங்கள் வரை எழுதியிருக்கிறார்கள். தலையின் பின்புறம் ஒரு காயம், வலது முழங்கையில் சிராய்ப்பு. உள்ளுறுப்புகளும் மரணக் காரணமும் அடுத்த பக்கத்தில் இருக்க வேண்டும், அது இல்லை. பெரியம்மா தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். கடைசியில் "மீதி எங்கே" என்று கேட்டார். அந்தப் பக்கத்தைப் பெற வழி உண்டா ஐயா?

காவேரிப்பட்டணம் முன்னாள் படை மருத்துவர்:

உண்டு. எந்தக் காவல் நிலையம் பிரேத விசாரணை நடத்தியதோ, அதன் பெயரும் எண்ணும் முதல் பக்கத்தின் மேற்பகுதியில் இருக்கும். அங்கே ஒரு விண்ணப்பம் அனுப்புங்கள். உடற்கூறாய்வு செய்த மருத்துவமனைக்கு ஒன்று. அண்ணனின் ரெஜிமெண்ட் ஆவண அலுவலகத்துக்கு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பெரியம்மாவின் கையெழுத்தோடு மற்றொன்று. மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் அது நீலகிரியில் வெலிங்டனில் இருக்கிறது. படை எண், பதவி, பெயர், இறந்த நாள் நான்கும் தவறாமல் எழுத வேண்டும். படை எண் இல்லாமல் அனுப்பினால் திரும்பி வந்துவிடும்.

பணி விண்ணப்பத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மேற்படிப்பு முடித்தவர்களுக்கு வயது வரம்பு 35, முதல் ஒப்பந்தம் ஐந்து ஆண்டு, நேர்காணல் டெல்லியில் நடக்கும். மருத்துவக் கவுன்சிலில் மேற்படிப்புப் பதிவை முடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாப்பாரப்பட்டி மாணவி:

படை எண் பெட்டியின் மூடியில் வெள்ளை வண்ணத்தில் எழுதியிருக்கிறது, ஐயா. கடைசி இரண்டு இலக்கங்கள் துருவில் மங்கிவிட்டன, ஓய்வூதிய ஆணையோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துவிட்டேன். மூன்று விண்ணப்பங்களையும் திங்கட்கிழமை தர்மபுரித் தலைமை அஞ்சலகத்தில் பதிவுத் தபாலில் சேர்க்கிறேன். அப்பா வண்டியில் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.